மயிலும் நெமலியும்: ஒரு பறவைப் பெயரின் வழித்தடம்

தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டத்தில் உள்ளது தீர்த்தமலை. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலங்களுள் இதுவும் ஒன்று. அம்மலையின் அடிவாரத்து ஊரிலிருந்து எம்மிடம் முதுகலை பயில வந்த மாணவர் ஒருவர் ஒருநாள் வகுப்பில் ஒரு வினா எழுப்பினார். சங்க நூல்களில் மயிலுக்கு வழங்கும் பெயர்களை யாம் விளக்கிக்கொண்டிருந்த வேளை அது. "ஐயா, எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். பாட்டி மயிலை நெமலி என்பார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் நவிலு என்கிறார்கள். இவையும் மயில் என்ற சொல்லும் ஒன்றா?" என்று கேட்டார். யாம் சிறிதும் எண்ணிப் பாராமல், "அவை வேறு சொற்கள், மயிலோடு தொடர்பில்லை" என்று விடை கூறி மேலே சென்றோம்.

அவ்விடை தவறு என்பதே இக்கட்டுரையின் பொருள். தவறு எம்முடையதேயாயினும் எம்மோடு நின்றுவிடுவதன்று. தமிழ் பயில்வோர் பிற திராவிட மொழிச் சொற்களை நோக்குங்கால் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். வடிவம் தமிழோடு ஒத்திருப்பின் தமிழின் சிதைவு என்பர். ஒவ்வாதிருப்பின் தொடர்பற்றது என்று தள்ளுவர். இரண்டிலும் தமிழ் வடிவமே அளவுகோலாக வைக்கப்படுகிறது. மயில் என்னும் சொல்லின் வரலாற்றில் அவ்வளவுகோல் பயன்படாது.

முதற்கண், இதுகாறும் இச்சொல்லுக்குக் கூறப்பட்ட பொருட்காரணங்களைப் பார்ப்போம். மை என்னும் கருமைப் பொருளிலிருந்து மயில் பிறந்தது என்பார் உளர். மயலைத் தருவது மயில் என்பாரும் உளர். மஞ்சினைக் கண்டு ஆடுதலின் மஞ்ஞை என்று பெயர் பெற்றது என்பது கேட்பதற்கு இனிய இன்னொரு விளக்கம். வடமொழியாளரும் இவ்விளையாட்டில் பின்தங்கியவரல்லர். பாணினி சூத்திரத்துக்குக் காசிகை உரை வகுத்தோர், மண்மீது கத்துவது என்ற பொருளில் இரு சொற்கள் சிதைந்து சேர்ந்ததே மயூரம் என்று காட்டினர். மண்மீது கத்தாத பறவை எது என்று கேட்கத் தோன்றுகிறது. இவ்விளக்கங்கள் யாவற்றுக்கும் பொதுவாய குறை ஒன்று உண்டு. ஒரு மொழியில் ஒரு காலத்தில் நின்ற வடிவத்தை மட்டும் கையிற்கொண்டு, அதன் ஓசைக்கு ஏற்ற பொருளைத் தேடுகின்றன. கோண்டு மக்கள் மயிலை மல் என்கின்றனர். அங்கே மையும் இல்லை, மயலும் இல்லை, மஞ்சும் இல்லை. சொல்லின் பொருட்காரணம் தேடுமுன் சொல்லின் பழைய வடிவத்தைத் தேட வேண்டும் என்பது ஒப்பியல் மொழிநூலின் முதற்பாடம்.

அப்பாடத்தை நம் நாட்டு மொழிகளுக்கு விரிவாகப் பொருத்திக் காட்டியவர் கால்டுவெல். அவர்தம் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. அவர்க்குக் கிட்டாத கருவி பின்வந்தோர்க்குக் கிட்டியது. எழுத்தில்லாத திராவிட மொழிகளின் சொற்களே அக்கருவி. அமெரிக்கத் தொல்குடிகளின் மொழிகளை ஆராய்ந்த எட்வர்டு சபீரிடம் பயின்ற எமனோ, 1935-ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுகள் இந்நாட்டில் தங்கி, தோடா, கோத்தா, குடகு, கோலாமி முதலிய மொழிகளைக் கேட்டு எழுதினார். எழுத்து வரலாறு இல்லாத மொழிகளினின்றும் சொல் வரலாற்றை மீட்கும் வழக்கம் அவ்வாசிரியர் மரபினின்று வந்தது. பரோவும் பட்டாச்சாரியாவும் பர்ஜி மொழி பற்றிய நூலை 1953-இல் வெளியிட்டனர். பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இலும், அதன் திருந்திய பதிப்பு 1984-இலும் வெளிவந்தன. இன்று மயிலின் பெயரை ஆராய்வோர் இவற்றைப் புறக்கணித்தல் ஒண்ணாது.

இனிச் சொற்களை நோக்குவோம். தமிழில் மயில், மஞ்ஞை என இரு வடிவங்கள் சங்க நூல்களில் பயில்கின்றன. தோகை என்பது உறுப்பின் பெயர் முழுப்பறவைக்கு ஆகிவந்தது. ஆதலின் அதனை ஈண்டு விடுகின்றோம். (விவிலியத்தில் சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் வந்த பொருள்களுள் ஒன்றைக் குறிக்கும் எபிரேயச் சொல் தோகையே என்று கால்டுவெல் கொண்டதும், அது எகிப்தில் குரங்கைக் குறித்த சொல்லாகலாம் என்று ஆல்பிரைட்டு மறுத்ததும் வேறொரு கட்டுரைக்கு உரியவை.) மலையாளத்தில் மயில், குடகில் மயிலி, துளுவில் மைரு, கோண்டியில் மல், கூயி மொழியில் மேலு என்று கூறத்தக்க வடிவம். பர்ஜி மொழி வடிவத்தில் மகரத்தை அடுத்து யகரம் இன்றி ஞகர மெல்லொலி நிற்கிறது. இவையெல்லாம் மகரத்தை முதலாகக் கொண்டவை. தெலுங்கில் நெமலி, நெமிலி, நெம்மி என்பனவும் கன்னடத்தில் நவில், நவிலு என்பனவும் நகரத்தை முதலாகக் கொண்டவை. இவ்விரு தொகுதிகளையும் வேறு வேறு எனக் கொள்வோரும் உளர். யாமும் வகுப்பில் அவ்வாறே கொண்டோம்.

ஆயின் மஞ்ஞை என்ற சொல்லை நோக்குக. மயில் என்பதில் யகரம் நிற்கும் இடத்தில் இதில் ஞகரம் நிற்கிறது. பர்ஜி மொழியும் அவ்விடத்தில் மெல்லொலியையே காட்டுகிறது. தமிழகத்தின் தென்கோடியிலிருந்து நெடுந்தொலைவில், பசுத்தர் காட்டுப் பகுதியில் வழங்கும் ஒரு மொழியும் சங்கத் தமிழும் ஒரே இடத்தில் ஒரே ஒலியைக் காத்து நிற்குமாயின், அதனைத் தற்செயல் என்று தள்ளுதல் அரிது. ஞகரமே முந்தியது, அது மூக்கொலி இழந்து யகரமாயிற்று எனக் கொள்வதே பொருந்தும். இத்தகைய ஞகர யகர உறழ்ச்சி தமிழ்க்குப் புதிதன்று. ஞமன், யமன், நமன் என மூன்றும் நம் நூல்களில் உண்டு. நாம் யான் என்பதை மலையாளத்தார் ஞான் என்பர். ஆகவே மயில் என்பதன் முன்னை வடிவம் மஞில் என்பது போன்றதோர் ஒலியினது என்று துணியலாம். ஈற்று இல் தமிழில் குயிலிலும் காணப்படுவது. மஞ்ஞையில் அது இன்மையால் பகுதி வேறு, ஈறு வேறு எனப் பிரித்துக் காணவும் இடமுண்டு.

மஞில் என்பதிலிருந்து நெமலிக்கும் நவிலுக்கும் செல்லும் வழி யாது? மகரமும் ஞகரமும் இடம் மாறின என்பதே விடை. மஞில், ஞமில் ஆயிற்று. கேட்டவுடன் இது வலிந்து கொண்டதாகத் தோன்றும். எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. எம் ஐயத்தை நீக்கியது மயில் அன்று, வண்டு.

வண்டினத்தைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்று ஞிமிறு எனவும் மிஞிறு எனவும் இருவகையாக வழங்குகிறது. எழுத்து நிலைமாறுதலுக்கு எடுத்துக்காட்டாக, விசிறி சிவிறி, தசை சதை என்பவற்றோடு இதனையும் சேர்த்து இலக்கணம் கற்பிப்போர் கூறுவது வழக்கம். நாமும் பள்ளிப் பருவத்திலிருந்தே இதனை மனப்பாடமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அங்கே இடம் மாறிய எழுத்துகள் யாவை? மகரமும் ஞகரமும். மயிலின் பெயரில் இடம் மாறியனவாக யாம் கூறும் அதே இரண்டு எழுத்துகள். தமிழ்ச் சொல் ஒன்றில் மகரமும் ஞகரமும் தம்முள் இடம் மாறுதல் இயல்பு என்று ஒப்புக்கொண்ட நாம், மயிலின் பெயரில் அதனைக் காண மறுத்தது, மாறிய வடிவம் தமிழில் இல்லாமல் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருந்தமையாலன்றிப் பிறிதில்லை.

இவ்விடத்தில் சிறிது நின்று புறநானூற்றைப் பார்த்தல் தகும். அந்நூலின் 93-ஆம் பாட்டு, தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடியது. களிற்றின் மதநீரில் வண்டு ஆர்ப்பதாக வரும் இடத்தில் ஞிமிறு என்ற வடிவம் அங்கே ஆளப்பட்டுள்ளது. அதே நூலின் 22-ஆம் பாட்டு, யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடியது. அங்கும் களிறு, அங்கும் மதநீர், அங்கும் வண்டின் ஆர்ப்பு. ஆனால் சொல் மிஞிறு. ஒரு தொகை நூலுக்குள், ஒரே காட்சியில், இருவேறு வடிவங்கள் நிற்கின்றன. ஏடெழுதினோர் கைவண்ணமும் இதிற் கலந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இரு வடிவங்களும் வழக்கில் இருந்தாலன்றி எழுதுவோர் கை இரண்டையும் எழுதியிராது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. எம் மாணவரின் வினாவுக்கு விடை அவர்தம் நாட்டுத் தலைவனைப் பாடிய பாட்டிலேயே இருந்தது என்பது பின்னரே எமக்குப் புலனாயிற்று.

ஞமில் என்பதிலிருந்து தெலுங்கு வடிவம் பிறந்த முறை ஒழுங்கானது. அண்ணவொலியாகிய யகர ஞகரங்களை அடுத்து நின்ற அகர ஆகாரங்கள் தெலுங்கில் எகர ஏகாரங்களாகத் திரிகின்றன. நம் யானை அங்கே ஏனுகு. யாண்டு அங்கே ஏடு. யாறு அங்கே ஏறு. ஞண்டு அங்கே எண்ட்ரி. எனவே ஞமலி என்றதொரு வடிவம் தெலுங்கில் இருந்திருப்பின் அது நெமலியாகவே முடியும். நெமலியின் முதலுயிர் எகரமாய் இருப்பதே, அதன் முன்னின்ற மெய் வெறும் நகரம் அன்று, ஞகரம் என்பதற்குச் சான்றாகிறது. கன்னடத்தில் யானை ஆனெ ஆனது போல, ஞமில் என்பதும் அகரம் திரியாது நமில் ஆகி, மகரம் வகரமாக நவில் ஆயிற்று. மகர வகர மாற்றம் மிஞ்சு, விஞ்சு என நம்மிடத்தும் உள்ளதே. ஆகவே தெலுங்கின் எகரமும் கன்னடத்தின் அகரமும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. இரண்டும் சேர்ந்தே ஞகரத்தைச் சுட்டுகின்றன.

இரு வடிவங்களுள் எது முந்தியது? ஞமில் முந்தி, மஞில் பிந்தியது எனக் கூறலாகாதோ எனின், ஆகாது. மகர முதல் வடிவம் தெற்கே தமிழிலும் மேற்கே துளுவிலும் குடகிலும் வடக்கே கோண்டியிலும் கூயியிலும் பர்ஜியிலும் பரந்து கிடக்கிறது. நகர முதல் வடிவம் அடுத்தடுத்து வழங்கும் தெலுங்கு, கன்னடம் என்னும் இரு மொழிகளில் செறிந்து கிடக்கிறது. மேலும், குடிவழி நோக்கின் தெலுங்கு கோண்டி, கூயி ஆகியவற்றோடு சேர்வது. கன்னடம் தமிழோடு சேர்வது. வெவ்வேறு கிளையினவாகிய இரு மொழிகள், தத்தம் கிளையுடன் பிறவற்றை விட்டு, தம்முள் மட்டும் ஒத்து நிற்பது குடிவழி உறவாலன்று. எல்லைப்புறப் பழக்கத்தால் ஆயது. அப்பழக்கமும் மிகப் பழையதாதல் வேண்டும். தெலுங்கில் அகரம் எகரமாகத் திரிவதற்கு முன்னரே, ஞகரம் ஞகரமாக ஒலித்த காலத்திலேயே, இவ்வடிவம் எல்லை கடந்திருக்க வேண்டும். அன்றேல் கன்னடத்தார் நெவில் என்பர்.

இனி, எமக்கு மிகவும் சுவை தந்ததும் முற்றும் தீராததுமான ஒரு சிக்கல் உண்டு. நிகண்டு வழிவந்த நம் அகராதிகள் ஞமலி என்ற சொல்லுக்கு நாய் என்பதோடு மயில் என்ற பொருளும் கூறுகின்றன. நாய் என்னும் பொருளில் அச்சொல் சங்க நூல்களில் வருவது. உப்பு விற்கும் பெண்ணின் குரல் கேட்டு நாய் குரைக்கும் அகநானூற்று 140-ஆம் பாட்டை யாவரும் அறிவர். திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுக் கூறும் உரைகள் அதனைப் பூழி நாட்டு வழக்கு என்கின்றன. மயில் என்னும் பொருளோ நிகண்டு, அகராதி மரபினால் நாம் அறிவது. அதனால் இது நிகண்டாசிரியரின் பிழை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பிழை எனின், தெலுங்கு நெமலியோடு இத்துணை நெருங்கிய வடிவத்தில் ஒரு பிழை எவ்வாறு வந்து வாய்த்தது?

தெலுங்கிலிருந்து கடன்கொண்டது என்பது அடுத்த விடை. அதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நிகண்டுகள் தோன்றிய காலத்துத் தெலுங்கினின்று கடன்கொண்டிருப்பின் நெமலி என்றோ நெமிலி என்றோ நகர எகரத்தோடு எழுதியிருப்பர். அதற்குத் தமிழ் எழுத்து மரபில் தடையே இல்லை. ஞகரம் அகரத்தோடு மொழிக்கு முதலாதலோ அருகிய வழக்கு. தொல்காப்பியர் ஞகரம் ஆ, எ, ஒ என்னும் மூன்று உயிர்களோடு மட்டும் முதலாகும் என்றார். அகரத்தையும் சேர்த்து நான்காக்கியவர் நன்னூலார். கடன்சொல்லை எழுதுவோர் எளிய வடிவத்தை விட்டு அரிய வடிவத்தைத் தேடிச் செல்லார். ஆதலின் ஞமலி என்பது, நாம் மேலே ஒலியொப்பினால் அனுமானித்த வடிவத்தின் எச்சமாகவே எமக்குத் தோன்றுகிறது. வடஎல்லைத் தமிழர் வாயில் அது நெடுநாள் வழங்கி, இலக்கியத்தில் ஏறாது, நிகண்டில் மட்டும் ஒதுங்கியது போலும். இது எம் கருத்தே அன்றி முடிந்த முடிபன்று. இராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலி என்னும் ஊர்ப்பெயரையும் இதனோடு இயைத்துக் காண ஆசை எழுகிறது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி கல்வெட்டுச் சான்றுடன் செய்தற்குரியது, ஆசையை அடக்கிக்கொள்கின்றோம்.

வடமொழி மயூரம் பற்றி ஒரு சொல். அச்சொல் இருக்கு வேதத்திலேயே உள்ளது. முதல் மண்டிலத்து 191-ஆம் பாடல் பெண்மயில்களைக் கூறும். மூன்றாம், எட்டாம் மண்டிலங்களில் இந்திரனின் குதிரைகளுக்கு மயில் உவமையாகிறது. திராவிடத்தினின்று ஆரியம் கடன்கொண்ட சொற்களுள் இதனையும் எண்ணுவது அறிஞர் பலர்க்கு உடன்பாடு. முண்டா மொழிகளிலும் சந்தாலியின் மராக் போன்ற சொற்கள் இருத்தலின் மூலம் அங்கே என்பாரும் உளர். மயில் தந்ததே மயூரம் என்று யாம் ஐயமின்றிக் கற்பித்து வந்தோம். இன்று அத்துணை உறுதியுடன் கூற மாட்டோம். ஞகரமே முந்தியது என்ற எம் முடிபு சரியாயின், வேத மொழி பெற்றது ஞகரம் யகரமாய்த் திரிந்த கிளை வடிவத்தை ஆதல் வேண்டும். அத்திரிபு அத்துணைப் பழமையதா என்ற வினா உடனே எழுகிறது. ஈற்றில் நிற்கும் ஊகாரமும் ரகரமும் இல் என்பதனோடு நேரே பொருந்துவனவும் அல்ல.

இங்கே ஒரு பொறியையும் சுட்டிக் காட்டல் வேண்டும். அசோகனின் முதற் பாறைக் கட்டளை, அரண்மனை அடுக்களைக்கு நாளும் இரு மயிலும் ஒரு மானும் கொல்லப்படுவதைக் கூறுகிறது. கிர்நாரில் அச்சொல் மோரா என்றும் கால்சியில் மஜுலா என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. கால்சியின் லகரத்தைக் கண்டவுடன், தமிழ் மயிலின் லகரம் இதோ என்று மகிழ்வார் உளர். அக்கட்டளையின் கீழைநாட்டு வழக்கில் ரகரமெல்லாம் லகரமாகும். ராஜா என்பதும் லாஜா என்றே எழுதப்படும். அந்த லகரம் மயிலுக்குச் சான்றாகாது. ஓசை ஒப்புமை மட்டும் கொண்டு உறவு நாட்டுவோர் வழுக்கி விழும் இடம் இது. ஒவ்வாத நெமலி உறவாகவும், ஒத்த மஜுலா உறவுக்குச் சான்றாகாததாகவும் முடிவதைக் காண்க.

பறவையின் குரலே பெயராயிற்று எனின், எல்லா மொழிகளிலும் மகர முதல் வருவதற்கு அதுவே காரணமாகலாமே என்று ஒரு தடை எழலாம். காக்கை, குயில், கூகை என்பன அத்தகையன. அவ்வகைப் பெயர்கள் ஒலித்திரிபை எதிர்த்து நிற்கும். குரல் நாள்தோறும் செவியில் விழுந்து பெயரைத் திருத்திக்கொண்டே இருக்கும். குயில் தெலுங்கில் கோயில, கன்னடத்தில் கோகிலெ. முதலெழுத்து எங்கும் ககரமே. மயிலின் பெயரோ முதலெழுத்தே மாறி நகரமாகியுள்ளது. மாற்றியவர் செவிக்கு அப்பெயர் பறவையின் குரலாக ஒலிக்கவில்லை என்பது இதனால் பெறப்படும். தமிழர் மயிலின் குரலுக்கு அகவல் என்று வேறொரு சொல்லே வைத்தனர். ஆசிரியப்பாவின் ஓசைக்கும் அதனையே பெயராக்கினர்.

தொல்காப்பிய மரபியல் ஒரு நுட்பம் கூறும். சிறகுடைய பறவை யாவற்றின் ஆணுக்கும் சேவல் என்னும் பெயர் உரியது, மயில் ஒழிய. ஆண்மயில் தோகையுடைமையால் பெண்சாயல் கொண்டது என்பது உரையாளர் கூறும் காரணம். அக்காரணம் எவ்வாறாயினும், பறவைப் பெயர்களின் வழக்கை ஊர்தோறும் கேட்டு எழுதிய ஒருவரின் குறிப்பு அது. அத்தகைய கேள்வி இன்று தமிழ்த்துறைகளில் அருகிவிட்டது. அகராதியை விரிப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம்.

அம்மாணவரை அழைத்து எம் விடை தவறு என்று கூறினோம். அவர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. விடுமுறைக்கு ஊர் சென்று, தீர்த்தமலையைச் சுற்றிய சிற்றூர்களில் தெலுங்கு பேசும் முதியோர் சிலரிடம் கேட்டு வந்தார். பாட்டிமார் நெமலி என்றும் நெமிலி என்றும் இருவகையாகக் கூறுகின்றனர். அவ்வீட்டுச் சிறுவர்கள் தெலுங்கில் பேசும்போதும் மயில் என்கின்றனர். முதலெழுத்தைச் சற்றே அண்ணத்தில் அழுத்தி ஒலிப்பவர் எவரேனும் உளரோ என்று கேட்குமாறு மீண்டும் அனுப்பியிருக்கின்றோம்.